லினக்ஸ் நிறுவி: எழுதி வைக்கிறது, எடுத்துச் சொல்வதில்லை

ஒரு கருவி ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் தரத்தை மதிப்பிடுவது கடினம். ஓடும் வரை எல்லாக் கருவிகளும் நல்ல கருவிகளே. அது நின்றுபோகும் வேளையில், ஏன் நின்றது என்பதை நமக்குக் காட்டுகிறதா இல்லையா என்பதில்தான் அதை ஆக்கியோரின் அக்கறை வெளிப்படுகிறது. வீட்டிலுள்ள ஃபியூஸ் கட்டையைப் பாருங்கள். மின்சாரம் நின்றதும் கட்டையைப் பிடுங்கிப் பார்க்கிறோம். கம்பி உருகியிருந்தால் கோளாறு நம் வீட்டில். உருகாமல் இருந்தால் வெளியே. சில ரூபாய் விலையுள்ள அந்தக் கட்டை, கோளாறு எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடுகிறது அல்லவா?

இதே அளவுகோலைக் கொண்டு கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றித் தரும் 'நிறுவி' என்ற மென்பொருளை இக்கட்டுரையில் மதிப்பிடுவோம். சிறப்பாக, டெபியன் நிறுவியை எடுத்துக்கொள்வோம். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகள் வழியாக நம் மாணவர்கள் கையில் வந்து சேர்ந்த லினக்ஸ் அதுவே. ஆகவே இம்மதிப்பீடு நம் வீட்டுப் பொருளைப் பற்றியது எனலாம்.

எதற்காக இந்த ஆய்வு?

மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான மாணவர்கள் அவற்றைப் பெற்றனர். செம்மண்டலத்திலிருந்து சிதம்பரம் வரை எத்தனையோ வீடுகளில் அந்தக் கணினிகள் இன்னும் பீரோவின் மேல்தட்டில் உறங்குகின்றன. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றன. விண்டோஸ் 8.1-க்கு 2023 ஜனவரி 10-உடனும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடனும் பொதுவான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ குறைந்தது 4 ஜிபி நினைவகமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பழைய கணினிகள் பலவற்றில் இவை இல்லை. எனவே அக்கணினி மீண்டும் பயன்பட வேண்டுமானால் லினக்ஸ் ஏறக்குறைய ஒரே வழி.

இவ்வேலையில் இறங்கும் ஒரு மாணவி, பாதி வழியில் நிறுவி நின்றுபோவதைக் காண்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். திரையில் வந்த செய்தி அவளுக்கு விளங்கவில்லை. அவள் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருவாள். 'கணினி கெட்டுவிட்டது' என்பது ஒன்று. 'எனக்கு இது வராது' என்பது மற்றொன்று. முதல் முடிவால் ஒரு கணினி பழைய சாமான் கடைக்குப் போகும். இரண்டாவது முடிவால் இழப்பது அதைவிடப் பெரிது. உண்மையில் இரண்டு முடிவுகளுமே பெரும்பாலும் தவறானவை.

நிறுவி செய்யும் வேலை

நிறுவி ஒரு தனி வேலையன்று. பல வேலைகளின் தொடர். முதலில் மொழி, இடம், விசைப்பலகை ஆகியவற்றைக் கேட்கிறது. பின்பு வலைப்பின்னலைத் தேடுகிறது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பெறுகிறது. அடுத்து வன்தட்டைப் பிரிவுகளாக வகுக்கிறது. அப்பிரிவில் அடிப்படை அமைப்பைப் பதிக்கிறது. வேண்டிய மென்பொருள்களைச் சேர்க்கிறது. இறுதியாக, மின்சாரம் போட்டதும் இயங்குதளத்தை எழுப்பும் 'குரப்' என்னும் துவக்கியை உரிய இடத்தில் அமைக்கிறது.

இத்தொடரில் எந்தக் கண்ணி அறுந்தாலும் வேலை நின்றுவிடும். ஆனால் எந்தக் கண்ணி அறுந்தது என்பதைப் பொறுத்துச் செய்ய வேண்டிய பரிகாரம் முற்றிலும் மாறும். இதை மனத்தில் இருத்திக்கொள்வோம்.

பாராட்ட வேண்டியவை

இன்றைய வடிவிலான டெபியன் நிறுவி 2005 ஜூனில் வெளிவந்த டெபியன் பதிப்பில் அறிமுகமாயிற்று. அதன் நற்பண்புகளை முதலில் கூறுவதே நேர்மை.

வன்தட்டில் எதையும் எழுதுமுன் அது நிறுத்திக் கேட்கிறது. செய்யப்போகும் மாற்றங்களைப் பட்டியலிட்டு, 'எழுதலாமா?' என்று வினவுகிறது. அங்கே முன்கூட்டியே தெரிவு செய்யப்பட்டிருக்கும் விடை 'வேண்டாம்' என்பதே. அவசரத்தில் என்ட்டர் விசையைத் தட்டுபவரின் குடும்பப் படங்களும் மதிப்பெண் பட்டியல்களும் இதனால் தப்புகின்றன.

ஒரு படி தோற்றால் நிறுவி முழுவதையும் கைவிடுவதில்லை. படிகளின் பட்டியலை முன்வைத்து, தோற்ற படியை மட்டும் மீண்டும் செய்ய வாய்ப்பளிக்கிறது. இவை எல்லாவற்றிலும் மேலாக, தான் செய்யும் ஒவ்வொரு வேலையையும் உடனுக்குடன் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்கிறது. ஆய்வுக்கூடத்தில் அளவீடுகளை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதும் மாணவனின் நல்லொழுக்கம் இது.

இத்தனை நல்ல குறிப்பேட்டை வைத்திருக்கும் நிறுவி, அதைத் திறந்து காட்டத் தயங்குகிறது என்பதே என் குற்றச்சாட்டு. மூன்று சான்றுகளைக் காண்போம்.

முதற் சான்று: இல்லாத சிடி

பல ஆண்டுகள் இந்நிறுவி, தான் எதிலிருந்து இயங்கினாலும் 'சிடி-ரோம்' என்றே பேசி வந்தது. பென்டிரைவிலிருந்து நிறுவுபவரிடமும் 'சிடி-ரோமைப் படிக்க இயலவில்லை' என்றது. கணினியில் சிடி செருகும் இடமே இல்லாதவர் இதைக் கண்டு என்ன செய்வார்? அண்மைப் பதிப்புகளில் 'நிறுவல் ஊடகம்' என்று சொல்லை மாற்றியிருக்கிறார்கள். நல்ல திருத்தம். ஆயினும் அடிப்படைச் செய்தி இன்னும் வரவில்லை. பென்டிரைவில் கோப்புகள் தவறான முறையில் பதியப்பட்டிருப்பதே இப்பிழைக்கு ஒரு முக்கியக் காரணம். டெபியனின் பிம்பக் கோப்பை ஒரு பைட்டுக்கு ஒரு பைட்டாக அப்படியே பென்டிரைவில் படியெடுக்க வேண்டும். ரூஃபஸ் போன்ற கருவிகளில் இதற்கென 'டிடி' முறை உண்டு. இதைவிடுத்து, கோப்புகளைப் பிரித்து அடுக்கும் கருவிகளைப் பயன்படுத்தினால் நிறுவி தன் சொந்தக் கோப்புகளையே கண்டுகொள்ளாமல் போகலாம். 'பென்டிரைவைப் புதிதாகப் படியெடுத்துப் பாருங்கள்' என்ற ஒரு வரி அத்திரையில் இருந்தால் எத்தனை பேருடைய மாலைப்பொழுது மிச்சமாகும்!

இரண்டாம் சான்று: காணாமற்போன வன்தட்டு

அண்மைக்கால மடிக்கணினிகள் சிலவற்றில், 'வன்தட்டு எதுவும் தென்படவில்லை' என்று நிறுவி அறிவிக்கிறது. அத்துடன், விளங்காத பெயர்கள் கொண்ட இயக்கிகளின் நீண்ட பட்டியலைத் தந்து, 'உமது தட்டுக்குரிய இயக்கியின் பெயர் தெரிந்தால் தேர்ந்தெடும்' என்கிறது. மாணவி ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறாள். ஒன்றும் நடப்பதில்லை.

காரணம் அந்தப் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். இன்டெல் கணினிகள் பலவற்றில் வன்தட்டை அணுகும் முறை, கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில் 'ஆர்.எஸ்.டி.' அல்லது 'ரெய்டு' என்று வைக்கப்பட்டிருக்கும். அதை 'ஏ.எச்.சி.ஐ.' என மாற்றினால் தட்டு தென்படும். ஆனால் முன்னேற்பாடு இன்றி மாற்றினால் அதே தட்டிலுள்ள விண்டோஸ் எழாமல் போகக்கூடும். கோப்புகளுக்கு நகல் எடுத்துக்கொண்டே இதில் இறங்க வேண்டும். இவ்வளவையும் நிறுவி விளக்க வேண்டியதில்லை. 'கணினியின் அமைப்புப் பக்கத்தில் வன்தட்டு எம்முறையில் உள்ளது என்று பாருங்கள்' என்றால் போதும். வழி தவறியவருக்குச் சரியான திசையைக் காட்டாவிட்டாலும், தவறான கதவைத் தட்டச் சொல்லாதிருக்கலாம்.

மூன்றாம் சான்று: கடைசிப் படியில் இடி

மூன்றாவதே மிகவும் கடுமையானது. எல்லாம் முடிந்து, துவக்கியை அமைக்கும் கடைசிப் படியில் நிறுவி தோற்கிறது. குரப் அமைப்பு தோல்வியுற்றது, இது மீட்க இயலாத பிழை என்ற பொருளில் ஒரு செய்தி. எழுத்துமுறைத் திரையாயின் பின்னணி சிவப்பாக மாறும். காரணம் எதுவும் கூறப்படுவதில்லை.

மாணவி என்ன செய்வாள்? தட்டை அழித்து, முதலிலிருந்து மீண்டும் தொடங்குவாள். மீண்டும் அதே இடத்தில் அதே இடி. உண்மை நிலை என்ன? இயங்குதளம் ஏறத்தாழ முழுமையாகவே தட்டில் பதிந்துவிட்டது. அதை எழுப்பும் துவக்கி மட்டுமே குறை. வீடு கட்டி முடித்தபின் சாவி சேரவில்லை என்பதற்காக வீட்டை இடிப்பார் உண்டோ? அதே பென்டிரைவிலேயே 'மீட்பு முறை' என்று ஒன்று இருக்கிறது. அதன் வழியாக வன்தட்டை அழிக்காமல் குரப்பை மட்டும் மீண்டும் அமைக்கலாம். பிழைச் செய்தி இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

பதிவேட்டிலோ காரணம் எழுதப்பட்டிருக்கும். யு.இ.எஃப்.ஐ. முறையில் இயங்கும் கணினிகளில் சில வேளை, 'சாதனத்தில் இடம் மீதமில்லை' என்ற பொருளில் ஒரு வரி காணப்படும். 500 ஜிபி தட்டில் பாதிக்கு மேல் காலியாக இருக்க, இடமில்லை என்றால் எப்படி? இங்கே 'சாதனம்' என்பது வன்தட்டன்று. தாய்ப்பலகையில் துவக்கக் குறிப்புகளைச் சேமிக்கும் சிறிய நிலைநினைவகம். அது நிரம்பிவிட்டது. அந்த நினைவகத்தில் எழுதாமலே துவக்கியை அமைக்கும் வழியும் நிறுவியில் உண்டு. ஆனால் அந்தக் கேள்வி 'வல்லுநர் முறை'யில் மட்டுமே கேட்கப்படுகிறது. மருந்து அலமாரியில் இருக்கிறது, சாவி மருத்துவரிடம், நோயாளிக்கோ அலமாரி இருப்பதே தெரியாது.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அடிப்படை அமைப்பைப் பதிக்கும் படியில் பிழை நேர்ந்தால், 'விவரங்களுக்கு நான்காம் திரையைப் பாருங்கள்' என்று இதே நிறுவி சொல்லத்தான் செய்கிறது. ஓரிடத்தில் சொல்லத் தெரிந்தவருக்கு மற்றோரிடத்தில் சொல்லத் தெரியாதா? எனவே இது இயலாமையன்று, கவனமின்மை.

தமிழ் எங்கே நிற்கிறது?

டெபியன் நிறுவியில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். தன்னார்வலர்களின் உழைப்பால் கிடைத்த பேறு இது. ஆனால் வரைகலைத் திரையில் மட்டுமே தமிழ் கிடைக்கும். இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. லினக்ஸின் பழைய எழுத்துமுறைத் திரை, சம அளவுள்ள கட்டங்களில் ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்தாக இடும். அதன் எழுத்துருவில் அதிக அளவாக 512 வடிவங்களே அடங்கும். 'கொ' என்ற எழுத்தில் மெய்க்கு முன்னும் பின்னும் குறிகள் வருகின்றன. இத்தகைய சேர்க்கை அந்தக் கட்டங்களுக்குள் அடங்காது. 2007-இல் வரைகலை நிறுவி வந்த பின்னரே தமிழ் போன்ற மொழிகளுக்கு வழி பிறந்தது.

இதன் விளைவைச் சிந்தியுங்கள். எல்லாம் நன்றாக நடக்கும்வரை நிறுவி தமிழில் பேசுகிறது. கோளாறு வந்ததும், விவரமெல்லாம் நான்காம் திரையில், ஆங்கிலத்தில். அந்தத் திரையோ தமிழைக் காட்ட இயலாத திரை. எவருக்கு உதவி மிகவும் தேவையோ, அவருக்குத் தேவையான நேரத்தில் தமிழ் விலகிக்கொள்கிறது. ஆகவே பதிவேட்டை மொழிபெயர்த்தால் தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். வரைகலைச் சாளரத்திலேயே, தமிழ் விளக்கத்துடன், பதிவேட்டின் கடைசிச் சில வரிகளைக் காட்ட வேண்டும். இதுவே முறையான தீர்வு.

சொற்களிலும் கவனம் வேண்டும். வன்தட்டின் 'பார்ட்டிஷன்' என்பதைப் 'பகிர்வு' என்று எழுதுவோர் உண்டு. கோப்பைப் பலருடன் பங்கிட்டுக்கொள்வதையும் 'பகிர்வு' என்றே சொல்கிறோம். 'பகிர்வை அழிக்கலாமா?' என்று ஒரு திரை கேட்டால், புதியவர் அதைப் பின்னதாகப் பொருள் கொண்டு 'ஆம்' என்று அழுத்திவிடக்கூடும். வகுப்பறையில் மயங்கிய சொல் ஒரு மதிப்பெண்ணைத் தான் எடுத்துக்கொள்ளும். இங்கே ஒரு வன்தட்டையே எடுத்துக்கொள்ளும். 'பிரிவு' என்ற எளிய சொல் இவ்விடத்துக்கு ஏற்றது.

ஒரு மறுப்பும் விடையும்

'நிறுவிக்கு அறிகுறி மட்டுமே தெரியும். காரணம் எப்படித் தெரியும்?' என்று மென்பொருள் வல்லுநர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காய்ச்சல்மானி நோயின் பெயரைச் சொல்வதில்லை, உண்மைதான். ஆனால் அது 102 டிகிரி என்ற எண்ணையாவது காட்டுகிறது. 'உடல்நிலை சரியில்லை, மீட்க இயலாது' என்று மட்டும் எழுதிக் காட்டும் காய்ச்சல்மானியை யாரும் வாங்க மாட்டார்கள். நாம் கேட்பது நோய்நிர்ணயம் அன்று. அளவீட்டை மறைக்காமல் காட்டுதல் மட்டுமே.

மாணவர் செய்யக்கூடியது

நிறுவி திருந்தும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பிழை கண்டறிதல் இயற்பியல் செய்முறையைப் போன்றதே. ஊசல் சோதனையில் நீளத்தை மாற்றும்போது வீச்சையும் குண்டையும் சேர்த்து மாற்றுவோமா? அதுபோல் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள், விளைவை எழுதுங்கள்.

முதலில், இறக்கிய பிம்பக் கோப்பின் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிடுங்கள். 'ஷா-256' என்னும் இத்தொகை 64 குறிகளைக் கொண்டது. கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் தொகை முழுவதும் உருமாறிவிடும். டெபியன் வெளியிட்டுள்ள தொகையுடன் அது ஒத்தால், கோப்பின் மேலுள்ள ஐயத்தை விட்டுவிடலாம்.

அடுத்து, நிறுவி நின்றால் அணைத்துவிடாதீர்கள். வரைகலைத் திரையில் இருந்தால் கண்ட்ரோல், இடப்பக்க ஆல்ட், எஃப்-4 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். பதிவேடு ஓடும் நான்காம் திரை வரும். கடைசி வரிகளைக் கைப்பேசியால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ட், எஃப்-5 அழுத்தினால் நிறுவிக்குத் திரும்பலாம். நிறுவியின் படிப்பட்டியலில் பதிவுகளைச் சேமிக்கும் ஒரு வரியும் உண்டு. அதே வலைப்பின்னலில் உள்ள வேறொரு கணினியின் உலாவியில் அப்பதிவுகளைக் காணவும் அது வழி செய்கிறது. நிறுவல் வெற்றியுடன் முடிந்தால், புதிய அமைப்பில் வார், லாக், இன்ஸ்டாலர் என்று ஒன்றினுள் ஒன்றாக உள்ள கோப்புறைகளில் இப்பதிவுகள் காத்திருக்கும்.

மூன்றாவதாக, பிழையின் அளவைக் கவனியுங்கள். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்துள்ள கணினியில், லினக்ஸைப் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குச் சென்றால் காலை 10 மணிக்குக் கடிகாரம் 4.30 என்று காட்டலாம். மின்கலம் தீர்ந்துவிட்டது என்று கடைக்கு ஓட வேண்டாம். மின்கலம் தீர்ந்தால் பிழை கண்டபடி இருக்கும். இங்கே அது துல்லியமாக ஐந்தரை மணி நேரம். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையைச் சார்ந்தது. 15 டிகிரிக்கு ஒரு மணி என்று வகுத்தால் ஐந்தரை மணி கிடைக்கும். அதாவது, லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொதுநேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதனை உள்ளூர் நேரமாகப் படிக்கிறது. வெர்னியர் அளவுகோலின் சுழிப்பிழையைப் போன்ற முறையான பிழை இது. லினக்ஸிடம் 'கடிகாரம் உள்ளூர் நேரத்தில் உள்ளது' என்று ஒருமுறை தெரிவித்துவிட்டால் தீர்ந்தது.

முடிவாக

டெபியன் நிறுவி நேர்மையான கருவி. தன் தோல்வியை மறைப்பதில்லை; உள்ளபடியே எழுதி வைக்கிறது. எழுதியதை உரியவரிடம் உரிய நேரத்தில் அவர் மொழியில் எடுத்துச் சொல்லாததே அதன் குறை. நல்ல ஆய்வாளராக இருப்பது வேறு, நல்ல ஆசிரியராக இருப்பது வேறு என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

விலைக்கு வாங்கும் மென்பொருளில் இக்குறையைக் கண்டால் முணுமுணுப்பதோடு நம் வேலை முடிந்துவிடும். கட்டற்ற மென்பொருளிலோ அப்படியன்று. நிறுவியின் செய்திகள் யாரும் படித்துத் திருத்தம் அனுப்பக்கூடிய கோப்புகளில் உள்ளன. நிறுவல் நன்றாக முடிந்ததா, எங்கே தடைப்பட்டது என்ற அறிக்கைகளை டெபியன் திட்டத்தினர் பயனர்களிடமிருந்து கேட்டுப் பெறுகின்றனர். தெளிவாக எழுதிய ஓர் அறிக்கையும், மயக்கம் தராத ஒரு தமிழ்ச் சொல்லும் அனுப்ப முதுகலைப் பட்டம் வேண்டியதில்லை. பீரோவின் மேலிருக்கும் அந்தப் பழைய மடிக்கணினியை இறக்கித் தூசி தட்டுங்கள். அதில் லினக்ஸ் நிறுவும்போது பிழை வந்தால் அதுவும் நல்லதே. பக்கத்தில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும்.